கைது முதல் அப்பீல் வரை: வெளியில் இருப்பவர் கையில் இருக்க வேண்டிய வழிகாட்டி

கைதானவருக்கு இதைப் படிக்க வாய்ப்பு இருக்காது. அவருடைய போன் அந்நேரம் ஸ்டேஷன் மேசை டிராயருக்குள் போயிருக்கும். ஆகவே இது அவருக்காக எழுதியதல்ல. உடுத்திய துணியோடு ஸ்டேஷன் வாசலுக்கு ஓடி வந்து, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கும் மனைவிக்கும் அண்ணனுக்கும் நண்பருக்கும் எழுதியது.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டம் தரும் உரிமைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மணிக்கணக்கோ நாள்கணக்கோ உண்டு. அது நடந்ததா இல்லையா என்பதைக் காட்ட ஒரு காகிதமும் உண்டு. நேரத்தைக் குறித்து வைக்காமல், காகிதத்தைக் கேட்டு வாங்காமல் இருந்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் "அன்றைக்கு இப்படி நடந்தது ஐயா" என்றால், அது உண்மையாகவே இருந்தாலும் வெறும் பேச்சாகவே நின்றுவிடும்.

இன்னொரு சிறு விஷயம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. கோர்ட்டு வளாகத்தில் இன்னும் "41ஏ நோட்டீஸ்", "164 ஸ்டேட்மென்ட்", "313 கேள்வி" என்றுதான் பேசுவார்கள், வாய்க்குப் பழகிப் போன எண்கள். கீழே புதிய எண்ணைச் சொல்லி, தேவைப்படும் இடத்தில் பழையதையும் சேர்த்திருக்கிறேன். அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே நடக்கின்றன.

அழைப்பா, கைதா?

"சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்ற வாசகத்தோடுதான் பாதி வழக்குகள் தொடங்குகின்றன. அங்கேயே கேளுங்கள்: இது அழைப்பா, கைதா? அழைப்பு என்றால் எழுத்தில் கொடுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்தே ஆக வேண்டும் என்று கிடையாது. பிரிவு 35(3)-ன் கீழ் நோட்டீஸ் கொடுத்து வரவழைத்தாலே போதும். அதை மீறிக் கைது செய்வதாக இருந்தால், ஏன் அவசியம் என்பதை எழுதி வைக்க வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. நோட்டீஸ் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். போய், போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்தில், அறுபது வயது தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கைது செய்யக்கூடாது. விதிவிலக்கான சூழல் என்றால், பெண் அதிகாரி எழுத்துமூலம் கேட்டு மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். கைது வரும் என்று முன்பே தெரிந்தால் செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ பிரிவு 482-ன் கீழ் முன்ஜாமீன் கேட்கலாம். அதற்கு வக்கீலைப் பார்க்க வேண்டியதுதான், நோட்டு மட்டும் போதாது.

கைதானதும் கேட்க வேண்டிய காகிதங்கள்

முதலாவது கைதுக் குறிப்பு. அரெஸ்ட் மெமோ என்பார்கள். அதில் தேதியும் நேரமும் இருக்கும். குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிகளில் ஒன்று இது. இன்று சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. உங்களைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால், முதலில் அதில் எழுதியிருக்கும் மணியைப் பாருங்கள். காலை ஏழுக்கு வீட்டிலிருந்து கூட்டிப் போனவரை மாலை ஐந்துக்குக் கைது செய்ததாக எழுதியிருந்தால், உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் சரியான நேரத்தை எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். எழுத விடவில்லையா? மாவட்ட எஸ்பிக்கோ கமிஷனருக்கோ அன்றே ஒரு தந்தி அடிப்பது அந்தக் கால வழக்கம். தந்தி சேவை போய்விட்டது. ஸ்பீட் போஸ்டும் மின்னஞ்சலும் இருக்கின்றன.

இரண்டாவது, கைதுக்கான காரணம். இதில்தான் சமீபத்தில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம் 22(1)-லேயே இருக்கிறது. ஆனால் நடைமுறையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டோம் என்று முடித்துக்கொள்வார்கள். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எந்தக் குற்றமானாலும் காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றது. கைதின்போதே தர முடியாத சூழல் என்றால், ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்கும் உத்தரவுக்காக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தந்தாக வேண்டும். தராவிட்டால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். பிரிவு எண்களை வரிசையாக எழுதிக் கொடுப்பது காரணம் ஆகாது. இவர் என்ன செய்தார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதுதான் காரணம். தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு இங்கிலீஷில் நீட்டினால், அதையும் நோட்டில் எழுதுங்கள்.

மூன்றாவது எஃப்ஐஆர் நகல். பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற சில வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் தேடிப் பாருங்கள்.

கைதானவர் சொல்லும் ஒருவருக்குத் தகவல் தெரிவிப்பது காவல்துறையின் கடமை. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு (பிரிவு 38). முழு நேரமும் வக்கீல் பக்கத்திலேயே உட்கார முடியாது, இடையில் சந்திக்கலாம், அவ்வளவுதான்.

வாயும் கையெழுத்தும்

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டம் 20(3). இது கோர்ட்டுக் கூண்டுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டேஷன் விசாரணைக்கும் பொருந்தும் என்று 1978-லேயே ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஆனால் ஒரு எல்லை உண்டு. மனதில் இருப்பதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பதுதான் அந்த உரிமை. கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றை எடுப்பது அதில் அடங்காது. நார்கோ (மருந்து செலுத்திப் பேசவைப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறிவது) சோதனைகளைச் சம்மதமின்றி நடத்தக்கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஆனால் அதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். "நான் காட்டும் இடத்தில் அரிவாள் இருக்கிறது" என்று சொல்லி, அங்கே அரிவாள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேரடியாக வழிவிட்ட பகுதி மட்டும் சாட்சியமாக ஏற்கப்படும். பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 27 இது, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் பிரிவு 23-க்குள் இருக்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது ஏன் என்பது இப்போது புரியும். கைதானவருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்ப முடியும் என்றால், "வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே" என்பதை அனுப்புங்கள். அடி விழும்போது இது எவ்வளவு தூரம் சாத்தியம் என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் அடுத்த படி.

மருத்துவப் பரிசோதனை

கைதானவுடன் மருத்துவர் பரிசோதித்து, காயம் இருந்தால் அதையும் அது ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் பதிய வேண்டும் (பிரிவு 53). அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் நபருக்கோ தரப்பட வேண்டும். நம் ஊரில் கைதானவர்கள் அடிக்கடி பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொள்கிறார்கள் அல்லவா, அந்தப் பாத்ரூம் எந்த மணிக்கு வழுக்கியது என்பதைச் சொல்லக்கூடிய காகிதம் இதுதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு அடுத்தடுத்து இறந்தபோது, சிறைக்குப் போகும் தகுதி உண்டு என்று எப்படிச் சான்று தரப்பட்டது, ரிமாண்ட் எப்படி நடந்தது என்பவையே பெரிய கேள்விகளாக எழுந்தன.

ஸ்டேஷன்களில் சிசிடிவி வைக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம், அது முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "கேமரா ரிப்பேர்" என்ற பதில் வரும் என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் பதிவைப் பாதுகாக்கும்படி முதல் வாரத்திலேயே கோர்ட்டில் மனுப் போட்டு வையுங்கள்.

இருபத்து நான்கு மணி நேரம்

கைது செய்த இடத்திலிருந்து கோர்ட்டுக்குப் போகும் பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஞாயிறு, பொங்கல் என்றாலும் விலக்கு இல்லை. மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்காவது கூட்டிப் போக வேண்டும்.

இந்த விதி எப்படி வந்தது என்பது சுவாரசியமானது. அரசமைப்புச் சட்டம் எழுதும்போது, அமெரிக்கா போல "முறையான சட்ட வழிமுறை" என்ற சொற்றொடரை வைக்க எண்ணி, பிறகு "சட்டம் வகுத்த நடைமுறை" என்று சுருக்கிவிட்டார்கள். அதாவது சட்டமன்றம் எந்த நடைமுறையை இயற்றினாலும் சரி. இதனால் விட்டுப்போனதற்கு ஈடாகவே இன்றைய 22-வது பிரிவைக் கொண்டுவருவதாக 1949 செப்டம்பரில் அம்பேத்கர் அவையில் சொன்னார். அவர் பயந்தது வீணாகவில்லை. மறு ஆண்டே, சென்னை மாகாண அரசு தடுப்புக்காவலில் வைத்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில், சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்க்க மாட்டோம் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கில்தான், நடைமுறை நியாயமாகவும் அறிவுக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும் என்று நிலை மாறியது. இன்று வக்கீல்கள் நீட்டும் தீர்ப்புகளில் பாதி அந்த ஒரு தீர்ப்பின் பிள்ளைகள்.

ரிமாண்ட் என்பது முத்திரை குத்தும் சடங்கு போல நடப்பதுண்டு. இங்கே நான்கு விஷயம் சொல்லப்பட வேண்டும்: கைதான உண்மையான நேரம், காரணம் எழுத்தில் தரப்பட்டதா, அடித்தார்களா, வக்கீல் உண்டா. முதல் முறை நேரில்தான் நிறுத்த வேண்டும். வக்கீல் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டே அந்த உரிமையைச் சொல்லி, இலவசமாக ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். இதைத் தெளிவாகச் சொன்னது 2012-ல் வந்த அஜ்மல் கசாப் தீர்ப்பு. மும்பைத் தாக்குதல் குற்றவாளிக்கே உண்டு என்றால், மோட்டார் பம்பு திருடியதாகப் பிடிபட்டவருக்கு இல்லாமல் போகுமா?

இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை. "ஃப்ரீ வக்கீல் என்றால் ஒழுங்காக நடத்த மாட்டார்" என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். காசு வாங்கியும் ஒழுங்காக நடத்தாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அறுபதும் தொண்ணூறும்

நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுத வேண்டியது ரிமாண்ட் தேதி. மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால், ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். வழக்கு எவ்வளவு பலமானது என்ற ஆராய்ச்சியே கிடையாது. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. மார்ச் 1 அன்று ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 29-ஓடு அறுபது முடிகிறது. ஏப்ரல் 30 காலை, கோர்ட்டு திறந்ததும் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

ஏன் காலையிலேயே? மனுப் போடும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். போட்ட பிறகு அவசர அவசரமாகக் கொண்டுவந்து தாக்கல் செய்தால் போகாது. ஒரு மத்தியானத்தில் தவறவிட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் உண்டு. கொரோனா ஊரடங்கின்போது காலக்கெடுக்கள் எல்லாம் நீட்டிக்கப்பட்டதால் இதுவும் நீண்டுவிட்டது என்று வாதிட்டார்கள். மதுரை சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்று அப்படியே உச்ச நீதிமன்றம் வரை போய், இந்த 60 நாள் கணக்கு நீளாது என்று 2020 ஜூனில் முடிவானது. வணிக அளவு போதைப் பொருள், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) போன்ற வழக்குகளில் 180 நாள் வரை போகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருப்பது இன்னொரு கொடுமை. உத்தரவு வந்து ஏழு நாளில் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டு தானாகவே பரிசீலிக்கலாம். இது 2023 உத்தரவு.

குண்டாஸ் போட்டுவிட்டால் மேலே சொன்ன பாதை அப்படியே பொருந்தாது. 1982-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி அது தடுப்புக்காவல், ஓராண்டு வரை போகலாம். அறிவுரைக் கழகம் (காவல் தேவையா என்று பார்க்கும் குழு), உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்று வேறு வழி. அங்கேயும் காகிதம்தான் காப்பாற்றுகிறது. தடுப்புக்காவல் ஆணையோடு தந்த ஆவணங்களில் தமிழாக்கம் இல்லாதது, மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்தது போன்ற காரணங்களால் ரத்தான ஆணைகள் ஏராளம்.

குற்றப்பத்திரிகை கைக்கு வந்ததும்

ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் எஃப்ஐஆர், சாட்சிகளின் வாக்குமூலங்கள், ஆவணங்கள் எல்லாம் இலவசமாகத் தரப்பட வேண்டும் (பிரிவு 230, பழைய 207). போலீஸ் கைப்பற்றியும் தங்கள் தரப்பில் நம்பாமல் ஒதுக்கிய ஆவணங்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குச் சாதகமானது பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருக்கும்.

பிறகு உட்கார்ந்து படியுங்கள். வக்கீலுக்கு நூறு கேஸ் கட்டு, உங்களுக்கு ஒன்றுதான். எஃப்ஐஆர் எந்த நேரத்தில் பதிவானது, அது மாஜிஸ்திரேட் கைக்கு எந்தத் தேதி எந்த நேரத்தில் போனது என்று பாருங்கள். ஓரத்தில் முத்திரையோ கையெழுத்தோ இருக்கும். நடந்தது திங்கள் இரவு, கோர்ட்டுக்குப் போனது புதன் மாலை என்றால், இடையில் யார் பெயர் சேர்ந்தது என்று கேட்க இடம் உண்டு. சோதனை, பறிமுதலை ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 105. பதிவு எங்கே? ஒரே மகஜரில் (பறிமுதல் நடந்த இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு) இரண்டு சாட்சிகள் வேறு வேறு இடம் சொல்கிறார்களா? ஊர்க்காரரான உங்களுக்குத் தெரியும், அந்தத் தெருவில் அந்த லைட் எரிவதே இல்லை என்று. வக்கீலுக்குத் தெரியாது.

ஆதாரமே இல்லை என்றால் கோர்ட்டு குற்றச்சாட்டு வனையும் (முறையாக எழுதிப் பதியும்) முன்பே விடுவிப்பு மனுப் போடலாம். எளிதில் கிடைப்பதில்லை.

விசாரணை

குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் தலையில். கதவு திறந்த நீதிமன்றத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில், அவருக்குப் புரியும் மொழியில் சாட்சியம் பதிவாக வேண்டும். புரியாத மொழி என்றால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். திருப்பூரில் பிடிபட்ட பிகார் தொழிலாளிக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

குறுக்கு விசாரணைதான் உயிர். சாட்சி வந்த அன்று உங்கள் வக்கீல் வரவில்லை என்றால், "குறுக்கு விசாரணை இல்லை" என்று ஒரு வரி எழுதி அடுத்த சாட்சிக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அந்தச் சாட்சியைத் திரும்ப அழைக்கப் பிரிவு 348-ன் (பழைய 311) கீழ் மனுப் போட்டுக் கெஞ்ச வேண்டும். ஆகவே ஒவ்வொரு வாய்தாவிலும் அன்று என்ன நடந்தது, அடுத்த வாய்தா எதற்கு என்று நோட்டில் எழுதுங்கள். சாட்சி முன்பு போலீஸிடம் சொன்னதற்கும் கூண்டில் சொல்வதற்கும் உள்ள முரண்பாட்டைக் காட்ட அந்தப் பழைய வாக்குமூலத்தைப் பயன்படுத்தலாம். அரசுத் தரப்பு அதை நேரடிச் சாட்சியமாக வைக்க முடியாது.

இந்த நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காது என்று அஞ்சக் காரணம் இருந்தால் வழக்கை மாற்றக் கேட்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் அல்லாத பிறர் கேட்டும் அது நடக்கும். ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது அவர் மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் சாட்சிகள் திரும்ப அழைக்கப்பட்டுப் பல்டி அடிக்க, க. அன்பழகன் மனுவின் பேரில் 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்கு மாறியது.

அரசுச் சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி கேட்கும் கேள்விகள்தான் "313" (இப்போது 351). சத்தியப் பிரமாணம் கிடையாது. பலர் எல்லாக் கேள்விக்கும் "பொய்" என்று சொல்லி இறங்கிவிடுகிறார்கள். எழுத்துப்பூர்வமான விளக்கமும் தரலாம், அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனால்? 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பிகார் சிறைகளில் தண்டனைக் காலத்தைவிட அதிகமாக விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். விரைவான விசாரணையும் உரிமை என்று அங்கேதான் ஊன்றப்பட்டது. இன்று பிரிவு 479-ன்படி, அதிகபட்சத் தண்டனையில் பாதியை உள்ளே கழித்தவரையும், முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரையும் ஜாமீனில் விட வழி உண்டு. ஆயுளோ மரணமோ தண்டனையாக உள்ள குற்றங்களுக்குக் கிடையாது, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் தடை. மனுப் போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளர். அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியது நீங்கள்.

தீர்ப்பு நாளன்று

தண்டனை என்றால், தீர்ப்பின் நகலை உடனடியாக, இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்காமல் கோர்ட்டை விட்டு நகராதீர்கள். மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். செஷன்ஸ் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், மரண தண்டனைக்கு 30 நாள் மட்டுமே. கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி, மதுரை, திருச்சி பக்கத்து வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகும். மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். அந்த மனுவை எழுதும் புதிய வக்கீல் முதலில் கேட்பது ரிமாண்ட் தேதியையும் உள்ளே இருந்த மொத்த நாட்களையும்தான், நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டுங்கள்.